மீரா லெப்பை மேஸ்திரியாரின் பட்டியலும் வெனிவெல் கொடியும்

சில வருடங்களுக்கு முன்பு, ஹட்டனில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மூலிகைகள் பற்றிய பாடமொன்றை நடத்திக்கொண்டிருந்தேன். தூதுவளை, ஆடாதோடை, வல்லாரை என்று பெயர்களை அடுக்கிக்கொண்டு போகையில் பின்வாங்கிலிருந்து ஒரு பெண்பிள்ளை எழுந்து நின்றாள். தோட்டத்து லயத்திலிருந்து வரும் பிள்ளை.

"சேர், காய்ச்சல் வந்தா எங்கம்மா கொத்தமல்லியோட வெனிவெல் போட்டு அவிச்சுக் குடுக்கும். வெனிவெலுக்குத் தமிழ்ல என்னா பேரு?"

தமிழைச் சிறப்புப் பாடமாகப் படித்துப் பட்டம் எடுத்தவன் என்று பெயர்தான். அன்று எனக்குப் பதில் தெரியவில்லை. எங்கள் வீட்டிலும் உம்மம்மா அதை வெனிவெல் என்றுதான் சொல்வார். தடிமன், காய்ச்சல் என்றால் எட்டுக் கோப்பைத் தண்ணீரை ஒரு கோப்பையாக வற்றவைத்து, பிஸ்மில்லாஹ் சொல்லிக் குடிக்கச் சொல்லுவார். அந்தக் கசப்பு நாக்கைவிட்டுப் போக மஃரிப் ஆகிவிடும். ஆனால் பெயர் சிங்களப் பெயர். 'வெல்' என்றால் கொடி. 'கெட்ட' என்றால் முடிச்சு, கணு. வெனிவெல்கெட்ட என்பது முழுப்பெயர்.

வீட்டுக்கு வந்து தேடியபோதுதான் விடை கிடைத்தது: மரமஞ்சள். நாட்டு மருந்துக் கடைகளில் மஞ்சள் நிறத்தில் வெட்டி விற்கப்படும் துண்டுகள் வேரும் அல்ல, மரக்கட்டையும் அல்ல. மழைக்காட்டில் பெரிய மரங்களைச் சுற்றி ஏறும் ஒரு முதிர்ந்த கொடியின் தண்டு. தாவரவியலார் இதற்கு இட்டிருக்கும் பெயர் கொஸ்சினியம் ஃபெனெஸ்ட்ராட்டம். முதற்சொல் கிரேக்க மொழியில் சிறு சல்லடையையும், இரண்டாவது லத்தீனில் ஜன்னல் உள்ளதையும் குறிக்கும். காயின் உட்பகுதியைப் பார்த்து வைத்த பெயர். 1788இல் ஜெர்மானியரான கேர்ட்னர் இதனை வேறொரு பேரினத்தில் சேர்த்து விவரித்தார்; 1820களின் தொடக்கத்தில் கோல்புறூக் இன்றைய பெயரைச் சூட்டினார்.

தமிழில் மரமஞ்சள், வடமொழியில் தாருஹரித்ரா, யூனானி ஹகீம்களின் பாரசீக வழக்கில் தார்ஹல்த். மூன்றுக்கும் பொருள் ஒன்றே: மரத்தின் மஞ்சள். மொழிதான் மாறியிருக்கிறது. இமயமலைப் பக்கத்தில் அந்தப் பெயருக்குரியது பேர்பெரிஸ் என்ற முட்செடி. அதன் கட்டையைக் காய்ச்சி எடுக்கும் ரசவத்தை அரபு மருத்துவர்கள் 'ஹுளழ்' என்ற பெயரில் அறிந்திருந்தார்கள். கண்நோய்க்கும் புண்ணுக்கும் பயன்படுத்தினார்கள். இப்னு சீனாவின் கானூனில் அதற்கு இடம் உண்டு. அந்த முட்செடி எளிதில் கிடைக்காத தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மழைக்காட்டுக் கொடியே அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. இரண்டும் வேறு வேறு குடும்பத்துச் செடிகள். ஆனால் இரண்டின் மஞ்சளுக்கும் கசப்புக்கும் காரணம் ஒரே பொருள்தான், பேர்பெரின். ஆய்வுகூடம் இல்லாத காலத்து ஹகீம்களும் வைத்தியர்களும் நிறத்தையும் சுவையையும் வைத்து இந்த ஒற்றுமையைக் கண்டுபிடித்தது சாதாரண விஷயமா?

ஐரோப்பியர் இந்தக் கொடியிடம் வந்தது ஒரு பெயர்க் குழப்பத்தின் வழியாக. 17ஆம் நூற்றாண்டு முதல் 'கலும்பா வேர்' என்றொரு கசப்பு மருந்து அங்கே விலைபோனது. வயிற்றோட்டத்துக்கும் பசியின்மைக்கும் கொடுப்பார்கள். பெயரைக் கேட்டுவிட்டு அது கொழும்பிலிருந்து வருகிறது என்று நம்பினார்கள். உண்மையில் அது கிழக்கு ஆபிரிக்காவின் மொசாம்பிக் கரையிலிருந்து போர்த்துக்கேயர் கொண்டுவந்த வேறொரு கொடியின் வேர். 1805இல் ஃபோர்ட்டின் என்பவர் அந்த வேரை மொசாம்பிக்கிலிருந்து சென்னைக்குக் கொண்டுவந்தார். அது அங்கே துளிர்க்க, மருத்துவர் அன்ட்ரூ பெரி அதைப் பற்றி எழுதினார். கொழும்புக் கதை அதோடு முடிந்திருக்க வேண்டும். வியாபாரிகள் விடவில்லை. இலங்கையின் வெனிவெலையும் ஏற்றுமதி செய்தார்கள். 'போலிக் கலும்பா' என்ற பட்டம் அதற்குக் கிடைத்தது. நமது காட்டில் நமது பெயரோடு வளரும் கொடி போலியாகிவிட்டது! கடைசியில் 1900இல் பிரித்தானிய மருந்து நூலின் இந்திய, குடியேற்ற நாட்டு இணைப்பில் அதற்கும் உத்தியோகபூர்வ இடம் கொடுத்தார்கள்.

இந்தக் கதை மருந்தியல் வரலாறுகளில் உண்டு. நான் சொல்ல வந்தது அதே ஆண்டுகளில் கொழும்பில் நடந்த இன்னொன்றை.

சேர் அலெக்சாண்டர் ஜோன்ஸ்ரன் பெயரை நமது வரலாற்றில் ஆர்வமுள்ள எல்லோரும் அறிவோம். 1811 முதல் 1819 வரை இலங்கையின் பிரதம நீதியரசராக இருந்தவர். 1806ஆம் ஆண்டின் முகம்மதியர் சட்டத் தொகுப்போடு தொடர்புடையவர். 1827இல் றோயல் ஆசியக் கழகத்தின் வெளியீட்டின் முதலாம் தொகுதியில் அவருடைய கடிதமொன்று அச்சானது. கொழும்பில் கிடைத்த கூஃபி எழுத்துக் கல்லறைக் கல்லைப் பற்றியது அது. ஹிஜ்ரி 337ஆம் ஆண்டைச் சேர்ந்த அந்தக் கல்லைக் காட்டித்தான் நாம் இந்த மண்ணில் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் வாழ்கிறோம் என்று பேசிவருகிறோம். மேடையிலும் மலர்களிலும் ஜோன்ஸ்ரனை எடுத்தாளுகிறவர்கள் பெரும்பாலும் கல்லோடும் கப்பலோடும் நின்றுவிடுகிறார்கள். அதே கடிதத்தில் மருத்துவம் பற்றி அவர் எழுதியிருப்பதைத் தாண்டிப் போய்விடுகிறோம்.

அங்கே ஒருவர் வருகிறார்: மீரா லெப்பை மேஸ்திரியார். 1806இல் உயர்நீதிமன்றத்தின் மேற்பார்வையில் இயங்கிய மருத்துவத் திணைக்களத்துக்கு சுதேசக் கண்காணிப்பாளராக நியமிக்கப்பட்டவர். இந்நாட்டு வைத்தியர்களில் மிகுந்த அறிவுள்ளவர்களுள் ஒருவராக மக்கள் அவரை மதித்தார்கள் என்கிறார் ஜோன்ஸ்ரன். அவரிடமிருந்த மருத்துவ ஏடுகளில் பெரும்பாலானவை எழுநூறு, எண்ணூறு ஆண்டுகளாக அந்தக் குடும்பத்திலேயே இருந்து வந்தவையாம். அவ்வளவு காலமும் தலைமுறைக்கு ஒருவராவது வைத்தியத்தைத் தொழிலாகக் கொண்டிருந்தார்களாம். எண்ணூறு ஆண்டு என்பதைக் குடும்பப் பெருமையாக எடுத்துக்கொண்டு பாதியாகக் குறைத்தாலும் அது சின்னக் கணக்கல்ல.

அடுத்து அவர் சொல்வதுதான் முக்கியம். இலங்கையின் முஸ்லிம் வைத்தியர்கள் நெடுங்காலமாக மருந்துக்குப் பயன்படுத்திவந்த செடிகொடிகள் அனைத்தையும் பற்றி மீரா லெப்பை மேஸ்திரியார் விரிவான அறிக்கையொன்றைத் தயாரித்து ஜோன்ஸ்ரனிடம் கொடுத்திருக்கிறார். இத்தகைய செடிகளை வளர்த்து மேம்படுத்துவது, 1810இல் தமது ஆலோசனைப்படி இலங்கையில் அரச தாவரவியல் பூங்கா நிறுவப்பட்டதன் பெரிய நோக்கங்களில் ஒன்று என்றும் அவர் எழுதுகிறார். இதில் கொஞ்சம் தற்பெருமையும் கலந்திருக்கும். பூங்காவுக்குத் திட்டம் வகுத்ததில் லண்டனிலிருந்த ஜோசப் பேங்க்ஸின் பங்கு பெரிது. எப்படியிருந்தாலும், பூங்கா பற்றிய பேச்சு நடந்த காலத்தில் ஆட்சியாளரின் மேசையில் ஒரு முஸ்லிம் வைத்தியரின் மூலிகை அறிக்கை இருந்தது என்பது எழுத்தில் உள்ள செய்தி.

அந்தப் பூங்கா கொம்பனித்தெருவில் தொடங்கி, 1813இல் களுத்துறைக்குப் போய், 1820களின் தொடக்கத்தில் பேராதனைக்கு வந்தது. இன்று நாம் பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிப்போகும் அதே பேராதனைப் பூங்காதான். 1824இல் அதன் பொறுப்பாளர் அலெக்சாண்டர் மூன் இலங்கைத் தாவரங்களின் பட்டியலை சிங்களப் பெயர்களோடு அச்சிட்டார். பூங்காவில் பல பத்தாண்டுகள் படம் வரைந்த ஹர்மனிஸ் டி அல்விஸின் பெயரும் தாவரவியல் வரலாற்றில் நிலைத்தது. அது நல்லதே. மீரா லெப்பை மேஸ்திரியாரின் பெயரோ ஜோன்ஸ்ரனின் கடிதத்துக்குள் தங்கிவிட்டது. அவர் பட்டியலிட்ட ஒரு செடியின் பெயரைக்கூடக் கடிதம் எடுத்துச் சொல்லவில்லை. இந்நாட்டு வைத்தியர் ஒருவர் காய்ச்சல் மருந்துகளை எழுத உட்கார்ந்தால் வெனிவெலை விட்டுவிட்டு எழுதியிருப்பார் என்று என்னால் நினைக்க முடியவில்லை.

இன்னொரு செய்தியும் அங்கே உண்டு. வாசித்தபோது மனம் கனத்தது. அரபியில் பெயர்க்கப்பட்ட அரிஸ்டோட்டில், கேலன், தொலமி முதலியோரின் நூல்கள் பக்தாதிலிருந்து வந்து இங்குள்ள குடும்பங்களில் பல நூறு ஆண்டுகள் இருந்தன என்றும், பின்பு கஷ்டகாலத்தில் கீழைத்தீவுகளோடு வியாபாரம் செய்தவர்களுக்கு அவற்றை விற்றுவிட்டார்கள் என்றும் முஸ்லிம்கள் ஜோன்ஸ்ரனிடம் சொல்லியிருக்கிறார்கள். நாம் கொள்வனவும் விற்பனையும் தெரிந்த சமூகம். அந்தக் கைமாற்றத்தில் மட்டும் நஷ்டம் நமக்கு.

மீரா லெப்பை மேஸ்திரியார் கரையோரத்து மனிதர். மலைநாட்டுக் கதை வேறு. கண்டி அரசர்களுக்கு 'பெஹெத்கே' என்றொரு மருந்துச்சாலை இருந்தது. அதில் முஸ்லிம் வைத்தியர்களும் பணியாற்றினார்கள். கேகாலைப் பகுதியின் கெட்டபேரிய கிராமத்து கோபால முஸ்லிம்கள் இதற்குப் பேர்போனவர்கள். 1760இல் கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்க மன்னருக்கு எதிராக நடந்த சதியை வெளிப்படுத்தியவர் கோபால முதலி என்பதும், அதற்காக மன்னர் காணி வழங்கினார் என்பதும் பதிவான செய்திகள். பேராசிரியை லோர்னா தேவராஜா 1994இல் வெளியிட்ட இலங்கை முஸ்லிம்கள் பற்றிய நூலில் இந்த வைத்தியப் பரம்பரையை விரிவாக எழுதியிருக்கிறார். பௌத்த மன்னர் நோயில் படுத்தபோது முஸ்லிம் வைத்தியரின் கஷாயத்தை நம்பிக் குடித்தார் என்பது நமது பிள்ளைகளுக்குப் பாடநூலில் வராத வரலாறு.

வைத்தியருக்குச் சரக்கு வேண்டும். கண்டி இராச்சியத்தின் 'மடிகே' எனும் போக்குவரத்துப் பிரிவில் முஸ்லிம்கள் இருந்தார்கள். தவளம் மாடுகளில் உப்பையும் கருவாட்டையும் துணியையும் மலைக்கு ஏற்றி, பாக்கையும் மிளகையும் கீழே இறக்கினார்கள். அந்த மாட்டுப் பாதைகளில் காட்டுச் சரக்குகளும் வந்திருக்கும். வெனிவெல் நுவரெலியாவின் குளிரில் வளரும் கொடியல்ல. சிங்கராஜா, கன்னெலிய போன்ற ஈரக்காடுகளும், மலைநாட்டில் கினிகத்தேனை, கித்துல்கலைப் பக்கத்துத் தாழ்ந்த சரிவுகளும்தான் அதன் வீடு. ஆகவே உயரத்துத் தோட்டங்களுக்கு அது என்றைக்கும் கீழிருந்து மேலே வந்த சரக்கு. கோப்பித் தோட்டங்கள் திறந்து, பின்பு ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா பஸார்கள் உருவானபோது, தவளக்காரரின் பேரப்பிள்ளைகள் கடைக்காரர்களானார்கள். லயத்து மனிதர் அரிசிக்கும் மண்ணெண்ணெய்க்கும் வந்த கடையில் கொத்தமல்லியும் வெனிவெலும் கிடைத்தன. அப்படித்தான் சிங்களக் கிராமத்து மருந்தொன்று, முஸ்லிம் கடை வழியாக, இந்தியாவிலிருந்து வந்த தொழிலாளியின் அடுப்புக்குப் போனது. அந்தப் பிள்ளையின் அம்மாவுக்குச் சிங்களப் பெயர் மட்டும் தெரிந்திருந்ததன் காரணம் இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

தொழிலாளர் வந்த பாதையையும் நினைக்க வேண்டும். மன்னாரில் இறங்கி, வடபாதையில் காய்ச்சல் நிறைந்த வரண்ட காடுகளைக் கால்நடையாகக் கடந்து, தம்புள்ளை, மாத்தளை என்று ஏறினார்கள். மலேரியாவும் வாந்திபேதியும் வழியிலேயே பலரைக் கொண்டுபோயின. தோட்டத்துக்கு வந்தவர்களின் சுகத்துக்கென்று மருத்துவத் தேவைகள் சட்டம் வந்ததே 1872இல்தான். அதற்கு முன்பும், அதற்குப் பின்பு வெகுகாலமும், காய்ச்சலுக்கு லயத்தில் இருந்தது சுக்கு, கொத்தமல்லி, மரமஞ்சள் வகைக் கைமருந்துதான்.

அரசாங்கம் நம்பியது வேறு மரத்தை. தென்னமெரிக்காவின் சிங்கோனா, நமது பெரியவர்கள் கொயினா என்று சொன்ன மரம். அதை வளர்த்துப் பார்ப்பதற்காகவே 1861இல் நுவரெலியாவுக்கு அருகே ஹக்கலைப் பூங்கா திறக்கப்பட்டது. ஆரம்பத்தில் கன்றுகளை இலவசமாகக் கொடுத்தும் துரைமார் வாங்கவில்லை. 1869இல் கோப்பி இலையில் நோய் விழுந்த பிறகு எல்லோரும் கொயினாவுக்கு ஓடினார்கள். 1880களின் நடுவில் இலங்கையின் பட்டை ஏற்றுமதி ஆண்டுக்கு ஒரு கோடி இறாத்தலைத் தாண்டியது. விலை விழுந்தது. ஜாவாவின் உயர்ந்த ரகத்தோடு போட்டி போட முடியாமல் மரங்களைப் பிடுங்கிவிட்டுத் தேயிலையை நட்டார்கள்.

இதன் விளைவு 1934இல் தெரிந்தது. அந்த ஆண்டின் கடைசியில் தொடங்கிய மலேரியாக் கொள்ளைநோய் கேகாலை, குருநாகல் பகுதிகளைச் சூறையாடியது. 1935க்குள் சுமார் 80,000 உயிர்கள் போயின. உலகத்துக்கே பட்டை விற்ற நாடு, தன் மக்களுக்குக் கொயினாவை வெளியிலிருந்து எதிர்பார்த்து நின்றது. உயரமான தேயிலைத் தோட்டங்களைக் குளிர் ஓரளவு காப்பாற்றியது. பள்ளத்தாக்கு ஊர்களுக்கு அந்த அதிர்ஷ்டம் இருக்கவில்லை.

வெனிவெல் இருந்தால் அந்த மக்கள் பிழைத்திருப்பார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. மலேரியாவுக்கு கொயினா கொயினாதான். வெனிவெல் அதற்கு ஈடாகாது. நமது ஆட்களிடம் ஒரு பழக்கம் உண்டு. பழைய மருந்து என்றதும் எல்லா நோய்க்கும் அதுவே போதும் என்று வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவார்கள். பேர்பெரின் சில கிருமிகளை அடக்குகிறது; புண்ணைக் கழுவவும் வயிற்றுக்கும் அது உதவுவதற்குக் காரணம் இருக்கிறது. ஆணி, கத்தி பட்டால் ஏற்பு வராதிருக்க வெனிவெல் குடிக்கும் வழக்கமும் நம்மிடம் உண்டு. அதை நம்பி ஊசி போடாமல் இருப்பது ஆபத்து. கர்ப்பிணிகளுக்கும் மஞ்சள் பிடித்த பச்சைப் பிள்ளைக்கும் இதைக் கொடுக்கவே கூடாது. டெங்குக் காலத்தில் கஷாயத்தை வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருப்பதும் தவறு.

கொடியின் இன்றைய நிலை மகிழ்ச்சி தருவதாக இல்லை. 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டத்துக்குப் பிறகு, உறுதி காட்ட முடியாத காடெல்லாம் அரசின் காடானது. அரசின் காடு துரைமாரின் தோட்டமானது. அம்பகமுவ, கினிகத்தேனைச் சரிவுகளில் மரங்கள் விழுந்தபோது அவற்றில் ஏறியிருந்த கொடிகளும் விழுந்தன. வெனிவெலில் ஆண்கொடி வேறு, பெண்கொடி வேறு. இரண்டும் அருகருகே இருந்தால்தான் காய்க்கும். விதை முளைப்பதும் கஷ்டம். தண்டு மருந்துக்குத் தேறப் பல ஆண்டுகள் ஆகும். வெட்டுவதற்கு அரை மணிநேரம் போதும். இந்தியாவின் மேற்குத் தொடர்ச்சி மலையில் இது அழிவின் விளிம்பில் நிற்கிறது. பேராதனைப் பல்கலைக்கழகத்தின் சாவித்திரி குணதிலக, நிமல் குணதிலக ஆகியோர் சிங்கராஜாவில் கிராமத்தார் எடுக்கும் காட்டுப் பொருட்களைப் பிரம்பு, கித்துள், ஏலம் என்று ஆராய்ந்தபோது அவற்றில் வெனிவெலும் ஒன்றாக இருந்தது. கொரோனாக் காலத்தில் கடைக்குக் கடை வெனிவெல் தேடி அலைந்தோமே, அந்தத் துண்டுகள் ஏதோவொரு காட்டின் பல வருட வளர்ச்சி.

சென்ற வருடம் கினிகத்தேனைக்கு மேலே ஓர் ஊரில், ஜும்ஆவுக்குப் பிறகு ஒரு பெரியவர் என்னைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனார். இந்தக் கட்டுரைக்காக நான் விசாரித்துத் திரிவதைக் கேள்விப்பட்டிருக்கிறார். "எங்கட மூத்தவாப்பா நாடி பாக்குறவரு மாஸ்டர். அவரு எழுதின கொப்பி ஒண்டு கிடக்கு. எங்களுக்கு வாசிக்கத் தெரியா. ஓதுற கிதாபு எண்டு நெனச்சி மேல வெச்சிருக்கம்" என்றார். துணியில் சுற்றிக் குர்ஆனோடு சேர்த்து அலுமாரியின் மேல்தட்டில் வைத்திருந்தார்கள். அரபு எழுத்தில் இருந்ததால் அந்த மரியாதை. மொழியோ தமிழ்.

அவரையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு அரபுத் தமிழை எழுத்துக் கூட்டி வாசித்தேன். பிள்ளைச் சுரம், குளிர் சுரம், விஷக்கடி என்று தலைப்புகள். சில இடங்களில் மருந்தின் பெயரைச் சிங்களத்தில் சொல்லி அரபெழுத்தில் எழுதியிருந்தார். குளிர் சுரத்துக்கான கஷாயத்தில் கொத்தமல்லி, சுக்கு, திப்பிலி எல்லாவற்றுக்கும் நிறை இருந்தது. நான்காவதாக மரமஞ்சள் என்று எழுதி, பக்கத்திலேயே வெனிவெல் என்றும் போட்டிருந்தார். அதற்குரிய நிறை இருந்த இடத்தைச் செல் அரித்துவிட்டது. பெரியவர் தன் பேரனைக் கூப்பிட்டு, மேல்தட்டில் அந்துருண்டை வாங்கி வைக்கச் சொன்னார். நான் ஒவ்வொரு பக்கமாகக் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டேன். மொத்தம் நாற்பத்தொரு பக்கங்கள்.